ஒட்டகத்துக்குப் புல் கொண்டுபோன நாட்கள்

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. சிராங்கூன் ரோட்டைத் தாண்டி, பொத்தோங் பாசிர் பக்கம், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகையில் பதினோரு மாடுகள் வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு தேக்கா சந்தை வரைக்கும் போய் ஊற்றிவிட்டு வருவார். கறப்பது, கழுவுவது, தவிடும் புண்ணாக்கும் கலப்பது, கன்றுகளை ஊட்டவிடுவது எல்லாம் என் வேலை. மாட்டின் மூக்கு ஈரத்தைப் பார்த்தே அதற்கு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வயதில் அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

ஐம்பதுகளின் பிற்பாதி. வருஷக் கடைசி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இந்தியாவிலிருந்து ஒரு சர்க்கஸ் வந்து கேலாங்கில் ஒரு காலித் திடலில் கூடாரம் போட்டது. யானைக்கும் குதிரைகளுக்கும் தினமும் பச்சைப் புல் வேண்டும் என்று அதன் மேனேஜர் தேக்காவில் விசாரித்திருக்கிறார். எங்களிடம் பால் வாங்கும் மளிகைக்கடை பாய் எங்களைக் கைகாட்டிவிட்டார். புல் நாங்கள் அறுப்பது, பாயின் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போவது என்று ஏற்பாடு.

முதல் நாள் புல்லை இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அங்க ஒரு ஒட்டகமும் இருக்கு. குட்டியோட."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஒட்டகமா? நாளைக்கு நானும் வர்றேன்."

"பால் யாரு கறக்கிறது?"

"கறந்துட்டுத்தான்."

"அது நம்ம வேலை இல்ல லா. புல்லை இறக்கினோமா, வந்தோமான்னு இருக்கணும்."

மறுநாள் மூன்று மணிக்கே எழுந்து கறந்தேன். அவர் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் கொட்டகையைக் கழுவி, கன்றுகளைக் கட்டி, தலை சீவி, லாரிக்காகச் சாலையோரம் போய் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூடாரத்துக்குப் பின்னால் கீற்றுச் சார்ப்பு ஒன்று இருந்தது. அதன் நிழலில் நின்றது அது. நான் படத்தில் மட்டும்தான் ஒட்டகம் பார்த்திருந்தேன். படத்தில் அந்த உயரம் தெரியாது. என் தலை அதன் நெஞ்சுக்குத்தான் வந்தது. கழுத்தை வளைத்து முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தது. இமை மயிர் இரண்டு வரிசை, ஒன்றன் மேல் ஒன்றாக. மேலுதடு நடுவில் பிளந்து, இரண்டு விரல்போலத் தனித்தனியாக அசைந்தது. மூக்குத் துளை கண் மூடுவதுபோல மூடிக்கொண்டது, பிறகு திறந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பதினோரு மாட்டையும் பார்த்துக் கற்றுக்கொண்ட எதுவும் இதற்கு உதவாது என்று அந்த நிமிஷமே தெரிந்தது. அது எனக்கு வருத்தமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

குட்டி தாயின் காலுக்கடியில் நின்றது. பினாங்கில் முகாம் போட்டிருந்தபோது பிறந்ததாம். கால் மட்டும்தான் வளர்ந்திருந்தது. முதுகில் திமில் இருக்க வேண்டிய இடத்தில் மடிந்த தோல் கொஞ்சம், அதன்மேல் சுருட்டை மயிர், அவ்வளவுதான். அது தாயின் மடியை முட்டியது, விட்டது, மறுபடி முட்டியது. பால் இறங்காத மடியைக் கன்று முட்டும் விதம் எனக்குத் தெரியும். அதைப் பார்த்ததும் என் சிலிர்ப்பு அடங்கிவிட்டது.

ஒட்டகக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார். பழுப்பேறிய வெள்ளைத் தலைப்பாகை, நரைத்த மீசை. ராஜஸ்தான் பக்கத்து ஆள். அவருக்கு இந்துஸ்தானிதான் தெரியும். நல்லவேளையாக பாய் பம்பாயில் பத்து வருஷம் கடையில் இருந்தவர், மளமளவென்று பேசுவார். நான் கேட்டதை அவரிடமும், அவர் சொன்னதை என்னிடமும் மாற்றிச் சொன்னார்.

"என்ன திங்குது இது?"

"ஊர்லேர்ந்து கடலைக்கொடி, காஞ்ச பயறு எல்லாம் மூட்டை மூட்டையா கொண்டுவந்தாங்களாம் தங்கச்சி. கப்பல்ல தண்ணி எறங்கி எல்லாம் பூஞ்சை பிடிச்சுப்போச்சு. இங்க வந்து நாலு நாளாச்சு. நீங்க கொண்டுவந்த புல்லை மோந்து பாக்குது, திங்க மாட்டேங்குது."

நேற்று நாங்கள் போட்ட புல் அப்படியே கிடந்தது. எங்கள் மாடுகள் சண்டை போட்டுத் தின்னும் புல். அந்த ஒட்டகத்தின் திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி நெல் கொட்டிய சாக்குபோலத் துவண்டிருந்தது.

"தண்ணி குறைஞ்சுதான் திமில் இப்படி ஆயிருக்கா?" என்று கேட்டேன். திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒட்டகக்காரர் தலையை ஆட்டினார். பாய் சொன்னார்: "திமில்ல தண்ணியே கிடையாதாம். முழுக்கக் கொழுப்பு. தீனி இல்லாதப்ப அதைக் கரைச்சுக் கரைச்சு வாழும். தண்ணிய சேத்து வைக்கிற இடம்னு தனியா ஒண்ணும் இல்லையாம். இருக்கிற தண்ணிய வெளிய விடாம புடிச்சு வைக்கிறதுதான் இதோட கெட்டிக்காரத்தனம்."

அந்தப் பேச்சில் நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன்.

தண்ணீரை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று அவர் எனக்கு வாயால் சொன்னதைவிடக் கையால் காட்டியதுதான் அதிகம். சாணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தார். பெரிய பேரீச்சங்கொட்டை மாதிரி, விழுந்த கொஞ்ச நேரத்திலேயே காய்ந்த மாதிரி இருந்தது. அதை அடுப்பில் போட்டுத் தீ மூட்டி அவர் தேநீர் வைத்தார். எங்கள் வீட்டில் வரட்டி தட்டிச் சுவரில் அப்பி, வெயிலுக்கு ஏங்கி, மழைக்குப் பயந்து எத்தனை நாள் காயவைப்பேன். அது பெய்யும் மூத்திரமும் கொஞ்சமாக, பாகுபோலக் கெட்டியாக இருந்தது. ஒரு சொட்டு வீணாக்காத பிராணி.

மூன்றாம் நாள் மத்தியானம் அதன் தொடைச் சந்தில் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. காலையில் வைத்தபோது குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல் அடிக்குது," என்று பதறிப்போய் பாயைக் கூப்பிட்டேன்.

ஒட்டகக்காரர் சிரித்தார். வெயில் ஏற ஏற அதன் உடம்புச் சூடும் ஏறுமாம். வியர்த்துக் குளிர்ந்துகொள்ள அதற்கு மனம் வராது. வியர்வையும் தண்ணீர்தானே. சூட்டை உடம்பிலேயே வைத்திருந்து ராத்திரிக் குளிரில் விட்டுவிடும். மாட்டுக்கு அந்தச் சூடு வந்தால் நான் வைத்தியரைத் தேடி ஓடியிருப்பேன்.

வைத்தியரும் வந்தார். கால்நடை டாக்டர், பொறுமையான மனிதர். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார். நோய் எதுவும் இல்லை, தீனிதான் பிடிக்கவில்லை, பழகிய தீனிக்குப் பக்கத்தில் ஏதாவது கிடைக்குமா பாருங்கள் என்றார். முருங்கை, அகத்தி, வாழை, வேப்பிலை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோனேன். வேப்பிலையை மட்டும் நாலு வாய் தின்றது. அந்த வட்டாரத்தில் இருந்த வேப்பமரம் மூன்று. மூன்றும் கோயிலையும் வீட்டையும் ஒட்டியவை, மொட்டையடிக்க முடியாது.

குட்டிக்கு எங்கள் பசும்பாலைத் தண்ணீர் கலந்து புட்டியில் ஊட்டிப் பார்த்தோம். இரண்டாவது வேளையே கழிய ஆரம்பித்துவிட்டது. ஒட்டகக்காரர் புட்டியை மெல்ல என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதை பாய் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாலைவனத்துல தண்ணி கெடைக்காத நாள்லகூட தாய் பால் குடுக்கும் தங்கச்சி. அப்ப பால் தண்ணியா எறங்குமாம், குட்டிக்குப் பசியும் தீரும் தாகமும் தீரும். தன் உடம்புத் தண்ணிய எடுத்துக் குடுத்துடும். ஆனா தீனியே இல்லைன்னா எங்கேர்ந்து குடுக்கும்னு கேக்குறாரு."

அன்று லாரியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நம்ம செவலை ரெண்டு நாளா பால் கம்மி. அதைப் பாத்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் என் மனசு கேலாங்கிலேயே நின்றது.

வழி கிடைத்தது ஒரு சாக்கினால். ஐந்தாம் நாள் புல் கட்டச் சாக்குப் பற்றவில்லை என்று பாய் தன் கடையிலிருந்து இரண்டு பழைய சாக்குகளைக் கொடுத்திருந்தார். கருவாடு வந்த சாக்கு. புல்லைக் கொட்டிவிட்டு அவற்றைச் சார்ப்பின் கம்பில் போட்டேன். நான்கு நாளாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்ற அந்த ஒட்டகம், கழுத்தை நீட்டிச் சாக்கை இழுத்து நக்க ஆரம்பித்தது. நக்கியது, வாயில் போட்டுச் சப்பியது. பிடுங்கப் போன என் முழங்கையையும் வியர்வையோடு சேர்த்து நக்கியது. நாக்கு அரம்போல இருந்தது.

"உப்பு," என்றேன். "பாய், இதுக்கு உப்பு வேணும்."

பாய் கேட்டுச் சொன்னார். ஆமாம், ஊரில் ஒட்டகம் மேயும் செடிகளிலேயே உப்பு இருக்குமாம். மாட்டுக்கு வைப்பதைப்போலப் பல மடங்கு உப்பு இதற்கு வேண்டும், அதனால் ஒட்டகக்காரர் தீனியில் தினமும் ஒரு பிடி கலந்துதான் வைப்பாராம். இங்கே தீனியே தின்னாததால் உப்பும் உள்ளே போகவில்லை. கல் உப்பு வாங்கி வந்து வைத்தோம். நக்கியது. கண்ணில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் உப்பைத் தின்று வயிறு நிறையுமா? உப்புத் தண்ணீர் தெளித்த புல்லையும் அது ஒதுக்கிவிட்டது.

சாயங்காலம் செவலையைக் கறந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் ஓர் ஆடு வாங்கலாமா என்று பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு மலாய்க்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். விலை ஒத்துவரவில்லை, திரும்பிவிட்டோம். ஆனால் அவருடைய ஆடுகள் வற்றிய கடலில், சேற்றில் நின்ற மரங்களின் இலையை எட்டி எட்டித் தின்றுகொண்டிருந்தன. அந்த மரத்து இலையின்மேல் மாவு தூவியதுபோல வெள்ளையாக ஏதோ இருந்தது. நான் ஓர் இலையைப் பறித்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதைக் கண்டாலும் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது உப்பாக இருந்தது.

பால் பானையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். செவலை திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, பாசிர் ரிஸ் போகணும். நாளைக்கு விடிஞ்சதும்."

"எதுக்கு?"

சொன்னேன். நான் சிரிப்பை எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "தண்ணி வத்தியிருக்கிற நேரம் பாத்துப் போகணும்," என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்காக அவரை எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

பாயிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊர்க் கரையில காடு காடா நிக்கும் அது. அலையாத்தின்னு சொல்வோம். சின்ன வயசுல ஆட்டுக்கு ஒடிச்சிருக்கேன். எனக்கு இது தோணவே இல்ல பாரு தங்கச்சி." கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரே லாரியை எடுத்தார்.

ரப்பர்த் தோட்டம், தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை எல்லாம் தாண்டி ஒரு மணல் பாதையின் முடிவில் லாரி நின்றது. அந்த மலாய்க்காரருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. ஆடு வாங்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார். அவரை மரியாதையாக பாச்சிக் என்று கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் ஒட்டகத்துக்கு இலை வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் மணலில் ஒரு குச்சியால் திமில் போட்டு ஒட்டகம் வரைந்தார். பாச்சிக் அதைக் குனிந்து பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், உள்ளே போய் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மரத்துக்கு மலாயில் அப்பி அப்பி என்று பெயர் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். ஒடித்து ஒடித்துக் கட்டினோம். எனக்கு உற்சாகத்தில் கை நிற்கவில்லை. இந்த மரத்தில் இலை தடித்திருக்கிறது, அந்த மரத்தில் உப்பு அதிகம் என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தேன்.

"ஆயர் நாயிக்," என்று கரையிலிருந்து பாச்சிக் கத்தினார். தண்ணீர் ஏறுகிறதாம்.

திரும்பிப் பார்த்தால் நான் நடந்து வந்த தடத்தில் தண்ணீர் பளபளத்தது. அவசரமாக ஓரடி வைத்தேன், தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. மற்றக் காலை ஊன்றினால் அதுவும் இறங்கியது. தலையில் கட்டு. வீட்டுக்காரர் வேர்களின்மேல் தாவித் தாவி வந்தார்.

"கட்டைக் கீழ போடு."

"போட மாட்டேன்."

"போடு லா. இன்னும் எவ்வளவோ மரம் இருக்கு."

"இதுதான் நல்ல இலை. நீங்க என் கையைப் புடிங்க."

அவர் திட்டிக்கொண்டே ஒரு கிளையைச் சேற்றில் படுக்கப் போட்டு, அதன்மேல் முழங்காலிட்டு, என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தார். கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நான் கட்டோடும் அவர் என்னோடும் கரை சேர்ந்தோம். மூச்சு வாங்கியது. இரண்டு பேர் முகத்திலும் சேறு. பாய் கரையில் நின்று வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் சிரிக்கத் தொடங்கினார், எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

அதே ஈரப் புடவையோடு கேலாங் போனோம். லாரியிலிருந்து ஒரு கிளையை உருவி எடுத்துக்கொண்டு சார்ப்புக்கு ஓடினேன். ஒட்டகம் உட்கார்ந்திருந்தது. நெஞ்சுக்கு அடியில் இருக்கும் காய்ப்புத் திண்டின்மேல் பாரத்தை வைத்து, காலை மடித்து, வயிறு தரையில் படாமல் காற்றுப் போக இடம் விட்டு அது உட்காரும் விதமே ஒரு அழகு. கிளையை அதன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

மோந்தது. பிளந்த உதட்டால் ஓர் இலையைத் தனியாகப் பிடித்துக் கிள்ளியது. மென்றது. கீழ்த்தாடை வலமும் இடமுமாகப் போய் வந்தது. இரண்டாவது இலை. மூன்றாவது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, பின்னங்காலை முதலில் ஊன்றி, எங்கள் தலைக்கு மேலே எழுந்து நின்று, என் கையிலிருந்த கிளையைக் குச்சியோடு பிடுங்கிக்கொண்டது.

ஒட்டகக்காரர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கட்டு முடிந்து இரண்டாவது கட்டும் பாதியானதும் அது தண்ணீரைத் தேடித் திரும்பியது. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் வைத்தோம். வாயை வைத்து உறிஞ்சியது, நான் அடுத்த டின்னை இறைத்து வருவதற்குள் காலி. ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டுக்காரர் ஓடினார், நான் ஓடினேன், யானைக்காரர் ஓடி வந்தார். ஐந்தாவது டின்னில்தான் தலையைத் தூக்கியது. மாடு அப்படிக் குடித்தால் செத்துப்போகும். இதற்கு ஒன்றும் ஆகாதாம். அதன் ரத்தமே அவ்வளவு தண்ணீரையும் தாங்குமாம். எங்கள் கண்ணெதிரில் அதன் விலா விரிந்தது.

அன்றுமுதல் ஒருநாள் விட்டு ஒருநாள் பாசிர் ரிஸ் போய் வந்தோம். நான்காவது நாள் குட்டியின் வாயோரம் நுரை பார்த்தேன். பால் நுரை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, திடல் முழுக்கச் சேறாகிவிட்டது. ஆட்டம் நின்றது. யானை சேற்றில் சந்தோஷமாக நின்றது. ஒட்டகத்துக்குத்தான் ஆபத்து. அதன் பாதம் அகன்ற மெத்தை, மணலில் விரிந்து கொடுக்கும், ஈரக் களிமண்ணில் வழுக்கும். ஒருமுறை பின்னங்கால் இரண்டும் இரு பக்கமும் விலகி, விழப் போய், ஒட்டகக்காரர் தோள் கொடுத்து நிறுத்தினார். "இடுப்பு விட்டுப்போனா அதுக்கப்புறம் எந்திரிக்காது," என்றார் பாய்.

"மணல் இருக்கிற எடத்துக்குக் கொண்டுபோயிடலாமே," என்றேன்.

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மலையாளி, தமிழும் பேசுவார். "எங்கே அம்மா, பாசிர் ரிஸ்ஸா? ஒட்டகத்தையா?"

"லாரியில உக்கார வெச்சா போயிடாதா?"

மழை விட்ட காலையில் சர்க்கஸின் பெரிய லாரியில் அதை ஏற்றினார்கள். முழங்காலைக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, உட்கார வைத்து, பக்கத்தில் குட்டியை ஒட்டகக்காரர் அணைத்துக்கொண்டார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். ஒட்டகத்தின் கழுத்து எங்கள் கூரைக்கு மேலே நீண்டிருந்தது. கேலாங் ரோட்டில் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து வெளியே வந்தார்கள். ஒரு பஸ் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது, முந்தவே இல்லை, ஜன்னல் முழுக்கத் தலைகள். ஒரு சீனத்து அம்மா கோழியை இடுக்கிக்கொண்டு வாய் திறந்து நின்றதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். எனக்கு ராணி மாதிரி இருந்தது.

பாச்சிக் வாசலில் நின்றார். லாரியைப் பார்த்தார். மணலில் என் வீட்டுக்காரர் வரைந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி எல்லாரையும் கூப்பிட்டார்.

லாரியிலிருந்து இறங்கி முதல் அடியை மணலில் வைத்ததும் அந்த ஒட்டகம் நின்றது. இன்னோர் அடி வைத்தது. பாதம் தட்டுபோல விரிந்தது. அதன் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. ஒட்டகக்காரர் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார், நாக்கை அண்ணத்தில் தட்டுவதுபோல. ஒட்டகம் நடக்க ஆரம்பித்தது, நடை ஓட்டமானது. ஒரு பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து, மறுபக்கத்து இரண்டு காலும் சேர்ந்து, படகு ஆடுவதுபோல ஓடியது. குட்டி பின்னால் தடுமாறி, விழுந்து, எழுந்து ஓடியது. துவண்ட திமிலோடு சார்ப்புக்கடியில் கிடந்த அதே உயிரா இது என்று நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கரையோரம் போய்த் தானாகவே அலையாத்தியைக் கண்டுகொண்டது. ஒரே மரத்தை மொட்டையடிக்கவில்லை. இங்கே நாலு வாய், அங்கே நாலு வாய் என்று போய்க்கொண்டே தின்றது. பாலைவனத்தில் செடி அரிது, ஒன்றையே தின்று தீர்த்தால் அடுத்த முறை ஒன்றும் இருக்காது, அதனால் அப்படித்தான் மேயும் என்று ஒட்டகக்காரர் பிறகு பாய் மூலம் சொன்னார். கடல் தண்ணீர் முழங்கால்வரை ஏறியும் அது வெளியே வரவில்லை. அவர் அதற்குமுன் கடலோரத்தில் ஒட்டகம் மேய்த்ததில்லை. கை கட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள் அது அங்கே இருந்தது. கறவையை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார், நான் மத்தியானம் பஸ் பிடித்து, மிச்சத் தூரம் நடந்து போய் வந்தேன். இரண்டாம் நாள் ஒட்டகக்காரர் அதை உட்கார வைத்து, என்னைப் பார்த்துச் சேணத்தைக் காட்டினார். ஏறினேன். பின்பக்கம் முதலில் எழுந்தது, நான் முன்னால் விழப் போனேன், முன்பக்கம் எழுந்தது, பின்னால் சாய்ந்தேன். பிறகு உலகமே கீழே போய்விட்டது. தென்னை மட்டை கைக்கு எட்டியது. அப்பால் உபின் தீவு தெரிந்தது. கரையோரம் அது ஓடியபோது காற்றில் என் கொண்டை அவிழ்ந்தது. பாச்சிக் வீட்டுப் பெண்கள் கை தட்டினார்கள். இறங்கியதும் இன்னொரு முறை ஏறலாமா என்றுதான் கேட்டேன்.

மூன்றாம் நாள் கறக்கக் கற்றுத்தரும்படி சைகையில் கேட்டேன். கறவைக்காரிக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியுமா. ஒட்டகக்காரர் குட்டியை முதலில் ஊட்டவிட்டார். பால் சுரந்ததும், ஒற்றைக் காலில் நின்று, மற்றப் பாதத்தை நிற்கும் காலின் முழங்காலுக்கு மேலே ஊன்றி, மடித்த தொடையில் கிண்ணத்தை வைத்து இரண்டு கையாலும் கறந்து காட்டினார். மாடுபோலக் கீழே உட்கார்ந்து கறக்க முடியாது, மடி அவ்வளவு உயரம். பிறகு கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். முதல் தடவை தள்ளாடி விழுந்தேன். இரண்டாவது தடவை நின்றுவிட்டேன். சுரப்பு அடங்குவதற்குள் அவசரமாகக் கறக்க வேண்டும், ஒரு நிமிஷம் அல்லது இரண்டு. காம்பு மாட்டுக் காம்பைவிடச் சின்னது. நுரை பொங்கிக் கிண்ணத்தின் பாதிவரை வந்தது. குடித்துப் பார்த்தேன். லேசான பால், கொஞ்சம் உப்பு.

வீட்டுக்காரருக்கு ஒரு புட்டியில் கொண்டுபோனேன். அவர் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "தேக்காவில இதை ஊத்தினா எல்லாரும் பாலுக்கு உப்புப் போட்டியான்னு கேப்பாங்க," என்றார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

திடல் காய்ந்தது, ஆட்டம் மறுபடி தொடங்கியது. நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். ஒட்டகம் நான்கு சுற்றுத்தான் வந்தது, அதுவும் சலங்கை கட்டிக்கொண்டு சாதாரணமாக நடந்து. எங்களைத் தவிர யாருக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. திமில் நேராக நின்றது. நான் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கிளம்பும் வாரத்தில் நானும் பாச்சிக் வீட்டுப் பெண்களும் சேர்ந்து அலையாத்தி இலையை ஓலைப்பாயில் பரப்பிக் காயவைத்தோம். மழைக்கு நடுவே வெயில் கிடைத்த நேரமெல்லாம் காயவைத்து ஒன்பது சாக்குக் கட்டினோம். துறைமுகத்தில் ஒட்டகத்தின் வயிற்றுக்கடியில் அகலப் பட்டை கொடுத்து, கிரேனால் தூக்கிக் கப்பலில் இறக்கினார்கள். நான்கு காலும் காற்றில் தொங்க, அது அலட்டிக்கொள்ளாமல் அசைபோட்டுக்கொண்டே மேலே போனது. குட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஒட்டகக்காரர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு பாயிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"அவருக்கு இனிமே எங்க போனாலும் கரையோரம்தான் மொதல்ல பாக்கத் தோணுமாம்."

சில மாதம் கழித்து பாயின் கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த இந்துஸ்தானிக் கடிதம். பாய் அதைத் தமிழாக்கி ஒரு தாளில் எழுதி, பால் ஊற்றப் போன வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார். கொட்டகை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் படித்தார். இலை கடைசி சாக்குவரை போதுமானதாக இருந்தது, தாய் நலம், குட்டிக்கு இப்போது திமில் எழும்பிவிட்டது, ஒட்டகக்காரர் உட்கார்ந்தால் அவர் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது என்று இருந்தது.

"இன்னொரு தடவை படிங்க," என்றேன்.

"அதான் படிச்சேனே."

"திமில் எழும்பிச்சுன்னு வருதே, அங்கேர்ந்து."

அவர் படித்தார்.